தைக்காமல் கிடந்த துணிகள்

என் சித்தப்பா தையல்காரர். நாற்பது வருஷமாக அதே கடை, காலால் மிதிக்கும் அதே மெஷின். தீபாவளிக்கு இருபது நாள் முன்னாலேயே ‘இனி ஆர்டர் எடுப்பதில்லை’ என்று அட்டை தொங்கிவிடும். அப்படிப்பட்ட கை. நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு ஆவணி மாதம் அந்தக் கடையில் துணி தேங்கத் தொடங்கியது. வெட்டி வைத்துத் தைக்காத துணி, அளவுச் சீட்டு குத்தியபடியே கிடக்கும் துணி, கொக்கி மட்டும் பாக்கியுள்ள பிளவுஸ். கேட்டு வருகிறவர்களிடம் “நாளைக்கு வாங்கம்மா” என்பார். அந்த நாளை வரவே இல்லை.

ஊசியில் நூல் கோக்க முடியவில்லையோ என்று சித்தி கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். புதுக் கண்ணாடி வந்தது, துணி குறையவில்லை. பிறகு பிடரி வலி என்றார். நெஞ்சில் பாரம் வைத்தமாதிரி இருக்கிறது என்றார். சாப்பாடு இறங்கவில்லை, கேஸ் என்றார். ஈசிஜி, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தாயிற்று. ஒவ்வொரு டாக்டரும் “எல்லாம் நார்மல்” என்று சொல்லி அனுப்ப, அந்தச் சொல்லே அவரை இன்னும் ஒடுக்கியது. நார்மல் என்றால் நான் நடிக்கிறேன் என்றுதானே அர்த்தம் என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். நானும் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். ஏழு மாதத்தில் வீட்டில் ஒருவர் வாயிலும் மனச்சோர்வு என்ற சொல் வரவில்லை. காரணம் எளிது: அவர் அழவில்லை. ‘எனக்கு வருத்தமாக இருக்கிறது’ என்று ஒருநாளும் சொல்லவில்லை.

இதை நான் எழுதக் காரணமே அதுதான். மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆள் என்று ஒரு படம் நம் மனதில் பதிந்திருக்கிறது. நம் வீடுகளில் அது பெரும்பாலும் அந்த உருவத்தில் வருவதில்லை. உடம்பு வலியாக வரும், சோம்பேறித்தனமாகத் தெரியும், எரிச்சலாக வெடிக்கும். “ஒரு மாதிரியா இருக்கு”, “எதுலயும் மனசு ஒட்டல”, “வீடே வெறிச்சுன்னு இருக்கு” என்பவைதான் அது பேசும் தமிழ். பத்திரிகைகளில் ‘மன அழுத்தம்’ என்று போட்டு இன்னும் குழப்பிவிடுகிறோம். மன அழுத்தம் என்பது பரீட்சைக்கு முந்தின ராத்திரியும் இருக்கும், கடன் தவணை நாளிலும் இருக்கும். காரணம் தீர்ந்தால் அதுவும் பெரும்பாலும் இறங்கிவிடும். மனச்சோர்வு அப்படி இறங்காது. கடன் அடைந்த பிறகும், மகள் கல்யாணம் முடிந்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருக்கும். நீடித்த அழுத்தம் அதற்கு வழி திறந்துவிடலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

எப்படிக் கண்டுபிடிப்பது? மனநல மருத்துவர்கள் பரவலாகக் கையாளும் ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, தொடர்ந்து இரண்டு வாரம், ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி இருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று, மனம் சோர்ந்து கிடப்பதாகவோ, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவதாகவோ இருந்தே ஆக வேண்டும். மற்றவை: தூக்கம் கெடுதல் அல்லது அளவுக்கு மீறித் தூங்குதல், பசியும் எடையும் குறைதல் அல்லது கூடுதல், பார்ப்பவர்களுக்கே தெரிகிற அளவுக்கு அசைவும் பேச்சும் மந்தமாதல், அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவித்தல், எந்நேரமும் அசதி, ‘நான் யாருக்கும் பிரயோஜனமில்லை’ என்ற நினைப்பும் தேவையில்லாத குற்றவுணர்ச்சியும், கவனம் நிற்காமை, சின்ன முடிவைக்கூட எடுக்க முடியாமை, சாவைப் பற்றிய எண்ணங்கள். இதனால் வேலையோ வீடோ உறவோ பாதிக்கப்பட்டிருக்கவும் வேண்டும்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தால் ஆறு இருந்தது. எங்கள் கண்ணெதிரே இருந்தது. ‘துணி தேங்குகிறது’ என்று நாங்கள் பார்த்தது, பிடித்த வேலை பிடிக்காமல் போனதும் முடிவெடுக்க முடியாமல் போனதும்தான். கழுத்தை ரவுண்டாக வெட்டுவதா, சதுரமாக வெட்டுவதா என்று கத்தரியைக் கையில் பிடித்தபடி அரைமணி நேரம் நின்றதாகப் பின்னால் சொன்னார். ஒருவர் அழுகிறாரா என்று கவனிப்பதைவிட, வழக்கமாகச் செய்கிற எதை நிறுத்திவிட்டார் என்று கவனிப்பது பலன் தரும். தினமும் பேப்பர் படிக்கிறவர் மடிப்புக் கலையாமல் வைத்துவிடுகிறார். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற பாட்டி நாலு நாளாக “நீயே போய்ட்டு வாப்பா” என்கிறாள். கிரிக்கெட்டே உயிராக இருந்த பையன் மட்டையைத் தொடுவதில்லை. ஒரே ஒரு நாள் இப்படி என்றால் விட்டுவிடலாம், இரண்டு வாரம் என்றால் விடக்கூடாது.

ஆளுக்கு ஆள் மனச்சோர்வின் வேஷம் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்களிடம் அது பல நேரம் கோபமாகவும் குடியாகவும் வரும். தூக்கம் வரவில்லை என்று குடிக்கத் தொடங்குவார்கள். மது முதல் ஒரு மணி நேரம் உறங்க வைத்து, பின்னிரவில் எழுப்பிவிட்டு, சோர்வை இன்னும் ஆழப்படுத்தும். வளரிளம் பருவத்தில் எரிந்து விழுவதும் மார்க் சரிவதும் முதலில் தெரியும். வயதானவர்கள் மறதி என்றும் உடம்பு வலி என்றும் வருவார்கள். பிரசவமான பெண்களுக்கு முதல் சில நாள் அழுகையும் பதற்றமும் வருவது சகஜம்; இரண்டு வாரத்துக்குள் தானே வடியும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தையைத் தூக்கவே தோன்றவில்லை என்றால், ‘பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

துக்கம் வேறா என்று பலர் கேட்கிறார்கள். வேறுதான். நெருங்கியவரை இழந்தவரின் துயரம் அலை அலையாக வரும், நடுவில் பழைய கதை பேசிச் சிரிக்கவும் முடியும். தன்னையே வெறுக்கும் எண்ணம் அதில் பொதுவாக இருக்காது. மனச்சோர்வில் அலை கிடையாது, தேங்கிய குட்டைதான். ஆனால் துக்கமே சிலருக்கு மனச்சோர்வாக மாறிவிடுவதும் உண்டு. மாதக்கணக்கில் ஒருவர் மீளாமல் கிடந்தால் பிரித்துப் பார்க்கும் வேலையை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

மனச்சோர்வு எவ்வளவு பேருக்கு வருகிறது? பெங்களூருவின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16-இல் 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் உண்டு. இருபது பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்திருக்கிறது என்றது அது. அவர்களில் 100-க்கு ஏறக்குறைய 85 பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள் என்பதுதான் என்னை உறுத்துவது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை இருந்தும் 100 பேரில் 15 பேர்தான் சாப்பிடுகிறார்கள் என்றால் நாம் சும்மா இருப்போமா?

சும்மா இருப்பதற்கு ஒரு காரணம் கீழ்ப்பாக்கம். சென்னையில் 1794-இல் தொடங்கி, 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறிய அரசு மனநல மருத்துவமனை எத்தனையோ பேரைக் குணமாக்கி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. நாமோ அந்த ஊரின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். “கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்பணும்” என்று விளையாட்டுக்குச் சொல்லி வளர்ந்த பிள்ளை, நாற்பது வயதில் தனக்கே அப்படியொரு தேவை வரும்போது எந்த முகத்தோடு போவான்? சினிமாவிலும் பேச்சிலும் அந்தச் சிரிப்பை நிறுத்தியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சித்தப்பாவும் “எனக்கென்ன பைத்தியமா?” என்றுதான் கேட்டார். வழி கண்டுபிடித்தவள் சித்தி. மனசு, மனநலம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. “மூணு மணிக்கே முழிச்சு உக்காந்துடுறீங்க. தூக்கத்துக்கு ஒரு டாக்டர் இருக்காராம், பாத்துட்டு வருவோம்” என்றாள். அதில் பொய் இல்லை. தூக்கம், பசி, வலி என்று அவரைத் துன்புறுத்துகிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு அழைப்பதுதான் நல்ல வழி. “எல்லாருக்கும்தான் கஷ்டம் இருக்கு”, “மனச தைரியமா வச்சுக்கோ”, “வேலையில இறங்கினா எல்லாம் சரியாயிடும்” என்பவற்றை நாங்கள் ஏழு மாதம் சொல்லிப் பார்த்தோம். கால் ஒடிந்தவனை ஓடச் சொன்ன கதை. கோயிலுக்குப் போவது, மந்திரிப்பது, கயிறு கட்டுவது என்று குடும்பத்துக்கு ஒரு வழி இருக்கும். அவர் மனதுக்கு அது ஆறுதல் தந்தால் தடுக்க வேண்டாம். மருத்துவரிடம் போவதை அது தள்ளிப்போடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

யாரிடம் போவது? மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மேற்கொண்டு மனநலம் படித்தவர். மாத்திரை எழுதக்கூடியவர். உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை தருபவர், மாத்திரை எழுதமாட்டார். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவைக் கேட்பது தவறில்லை. ஒரு வாரப் பயிற்சிச் சான்றிதழை மாட்டி வைத்துக்கொண்டு ‘மனநல ஆலோசகர்’ என்று உட்கார்ந்திருப்பவர்களும் இருப்பதால் சொல்கிறேன். முதலில் குடும்ப டாக்டரிடமே வாய்விட்டுச் சொல்லலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, மாவட்ட மனநலத் திட்டமும் இயங்குகிறது. ஓ.பி. சீட்டு எடுத்தால் போதும், மாத்திரையும் இலவசம். நேரில் போகத் தயக்கமென்றால் 14416-க்குப் போன் போடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவை அது. காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணும் உதவும். சென்னையில் 1986 முதல் இயங்கும் ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050.

மனநல மருத்துவரின் அறைக்குள் என்ன நடக்கும் என்று தெரியாததுதான் பாதிப் பயம். சித்தப்பாவோடு போய் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு மேசை, மூன்று நாற்காலி, சத்தமாகச் சுற்றும் ஃபேன். ஷாக் மெஷின் எதுவும் இல்லை. டாக்டர் சின்ன வயதுப் பெண். “என்ன தொழில் பாக்குறீங்க அய்யா?” என்று தொடங்கினார். எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, விழித்ததும் என்ன நினைப்பு ஓடுகிறது, ஒரு நாளில் எந்த நேரம் ரொம்ப மோசம் என்று கேட்டார். “காலையிலதான் தாங்க முடியல, சாயங்காலம் கொஞ்சம் தேவலாம்” என்றார் சித்தப்பா. டாக்டர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். அதிகாலை விழிப்பும் காலைப் பாரமும் ஒருவகை மனச்சோர்வுக்கு உரிய அடையாளங்களாம். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, குடிப்பழக்கம் உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். எப்போதாவது தூக்கமே இல்லாமல் நாலைந்து நாள் ஒரே உற்சாகமாக, பெரிய பெரிய திட்டம் போட்டுச் செலவழித்தது உண்டா என்றும் கேட்டார். இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. அப்படி உற்சாகம் எகிறும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கும் சோர்வுக் காலம் வரும். அவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் நிலைமை எதிர்ப்பக்கம் எகிறிவிடலாம். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பரிசோதனைக்கும் எழுதினார். இவை குறைந்தாலும் இதே போலச் சோர்வு வரும்.

பிறகு குரலை மாற்றாமலே கேட்டார்: “வாழ்ந்து என்ன பண்ணப்போறோம்னு தோணுதா அய்யா?”

சித்தப்பா விரலில் மாட்டியிருந்த தையல் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். தைக்காத நாளிலும் அது விரலில் இருக்கும். “தோணும்” என்றார். ஏழு மாதத்தில் அன்றுதான் அழுதார். சித்தி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது செய்துகொள்ளத் திட்டம் இருந்ததா என்று டாக்டர் மேலும் கேட்டார், இல்லை என்றார். மாத்திரைகள் சித்தியின் பொறுப்பில் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

இந்தக் கேள்வியைக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று வீட்டார் அஞ்சுவார்கள். அப்படி ஆவதில்லை. யாரிடமும் சொல்ல முடியாமல் சுமந்தவருக்குக் கேட்கப்படுவதே ஒரு ஆசுவாசம். ஒருவர் சாவைப் பற்றிப் பேசினாலோ, ‘நான் இல்லாவிட்டால் நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள்’ என்ற தொனியில் பேசினாலோ, தன் பொருள்களைத் திடீரென்று எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாலோ நேராகவே கேளுங்கள். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரை போன்றவற்றைக் கைக்கு எட்டாத இடத்துக்கு அப்புறப்படுத்திவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இரவு இரண்டு மணி என்றாலும் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு திறந்திருக்கும்.

சிகிச்சைக்கு வருவோம். நோய் லேசாக இருந்தால் பேச்சுவழிச் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் மாத்திரையும் சேரும். எஸிடலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவோக்செட்டின் ஆகியவை அதிகம் எழுதப்படுபவை. இவை தலைவலி மாத்திரை போல அரைமணியில் வேலை செய்யாது. பலன் தெரியவே இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். குமட்டலும் தலைச்சுற்றலும் மட்டும் முதல் வாரமே வந்துவிடும். பலரும் தோற்றுப்போவது இந்த இடைவெளியில்தான். சித்தப்பாவும் பத்தாம் நாள் “ஒண்ணும் கேக்கல, வாந்திதான் வருது” என்று நிறுத்திவிட்டார். மறுபடி போனபோது டாக்டர் கோபிக்கவில்லை, அளவைக் குறைத்துச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடச் சொன்னார். தாம்பத்திய நாட்டம் குறைவதும் இந்த மாத்திரைகளின் பக்கவிளைவாகச் சிலருக்கு வரும். கூச்சப்படாமல் சொன்னால் மாற்று மருந்து உண்டு. 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால் வீட்டார் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

“பழக்கமாகிவிடுமாமே?” இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கி வருஷக்கணக்கில் போடுகிற அல்பிரஸோலம் போன்ற தூக்க மாத்திரைகள் பழக்கமாகும், அது உண்மை. மனச்சோர்வு மாத்திரைகள் அந்த வகை அல்ல. போதை தருவதில்லை, அளவு ஏறிக்கொண்டே போக வேண்டியதில்லை. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலை கிறுகிறுப்பும் படபடப்பும் வரும், அதனால் டாக்டர் சொல்லி மெல்லக் குறைக்க வேண்டும். நன்றாகிவிட்ட பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதமாவது தொடரச் சொல்வார்கள், நோய் திரும்பாமலிருக்க.

பேச்சுவழிச் சிகிச்சை என்றதும் உபதேசம் என்று நினைத்திருந்தேன். சித்தப்பா போன மருத்துவமனையின் உளவியலாளர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. “தினமும் அரைமணி நேரம் கடையில் உட்காருங்க. புது ஆர்டர் வேணாம். கொக்கி மட்டும் கட்டுங்க. மனசு வந்தப்புறம் செய்யலாம்னு காத்திருக்காதீங்க, செஞ்சா மெல்ல மனசு வரும்” என்றார். ஒரு நோட்டில், கொக்கி கட்டும் முன்பும் பின்பும் பாரம் பத்துக்கு எவ்வளவு என்று எழுதச் சொன்னார். முதல் வாரம் முழுக்க ஒன்பது, ஒன்பது. மூன்றாம் வாரம் ஓரிடத்தில் ஒன்பது, ஏழு என்று இருக்கிறது. அந்த நோட்டு இன்னும் சித்தியிடம் இருக்கிறது.

குறைகளும் உண்டு. நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. அரசு ஓ.பி.யில் வரிசை நீளம், ஆளுக்குக் கிடைக்கிற நேரம் குறைவு. அதனால் போகுமுன் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, எதையெல்லாம் நிறுத்திவிட்டார், என்னென்ன மாத்திரை. கூடவே ஒருவர் போவது நல்லது. முதல் மருத்துவரோடு ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைப் பாருங்கள், சிகிச்சையையே விட்டுவிடாதீர்கள். வேலை செய்யுமிடத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று தயங்குகிறவர்களுக்கு: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களின் ரகசியத்தை உரிமையாக்கியிருக்கிறது. மற்ற நோய்களுக்கு உள்ளதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

சித்தப்பாவுக்கு முதலில் திரும்பியது தூக்கம். மூன்று மணி விழிப்பு நாலரை ஆயிற்று, பிறகு ஐந்தரை. மாற்றம் அவருக்குத் தெரியுமுன் எங்களுக்குத் தெரிந்தது. குழம்பில் உப்பு குறைவு என்று ஒருநாள் சொன்னார். சோர்ந்து கிடந்த மாதங்களில் வைத்ததைத் தின்றுவிட்டுப் போனவர். சித்தி அடுக்களையில் போய் நின்று அழுதாள்.

பின்னொரு மாலை நான் கடைக்குப் போனபோது அலமாரி பாதி காலியாகியிருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து மிச்சத் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். “இந்தப் பச்சைத் துணிக்கு அளவுச் சீட்டக் காணோம். அந்தம்மாவுக்கு ஒரு போன் போடு, நேர்ல வந்து அளவு குடுக்கச் சொல்லு” என்றார், கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து.